உலகை ஆளும் சங்கத்தின் ஏனைய விடயங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு இந்தக் குளிர்தேசத்து நகரத்துக்கு வந்த புதிதில், நான் பார்க்டேலில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில், ஊர்ப் பொடியன்கள் மூவரோடு ஒரே அறையில் இருந்தேன். அந்தக் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு மேசை கிடந்தது. வீடு மாறுகிறவர்கள் கொண்டுபோக விரும்பாததையெல்லாம் அதில் வைத்துவிட்டுப் போவார்கள். கைபிடி உடைந்த சட்டி, ஒற்றைக் கையுறை, செங்கல் மொத்தத்தில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். உடுப்புக் காயும்வரை வேறு வேலை இல்லாததால் அந்தப் புத்தகங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் ஆங்கிலம் முழுவதும் அந்த மேசையிலிருந்துதான் வந்தது. அதனால் நெடுநாளாக எனக்குக் கடையில் பாண் கேட்டு வாங்கத் தெரியாது. ஆனால் 'உங்களைப் பின்தொடர்கிறார்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்' என்று பிழையில்லாமல் சொல்லத் தெரியும்.

எல்லாப் புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே கதை. அட்டையில் ஒரு கண், ஒரு முக்கோணம், பொன்னிற எழுத்து. உள்ளே, உலகத்தைப் பின்னாலிருந்து ஆட்டுகிற ஓர் இரகசியக் கூட்டம். அரசர்களை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள். யுத்தம் தொடங்குவதும் கோதுமை விலை ஏறுவதும் அவர்கள் சொல்லித்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு வாசித்தேன். ஒன்றுதான் உறுத்தியது. அந்தக் கூட்டத்தார் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவராவது கார் விட இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நுழைவதில்லை. 'போன கூட்டத்தில் நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒருவரும் எழும்புவதில்லை. தேநீர் எங்கே என்று கேட்பாரில்லை. பூமியைப் பிளக்கிற ஆயுதத்தைக்கூட நம்பினேன். நேரத்துக்கு வந்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு அதே நகரத்தின் கிழக்கே, வெக்ஸ்போர்ட் பக்கம் குடிமாறினேன். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது, பின்னேரத்தில் மூலைத் தமிழ்க்கடையில் நின்று கதைப்பது. முதலாவது சம்பளத்துக்கு, இரண்டாவது சீவிப்பதற்கு. கடைக்கார அண்ணை ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். இலவசம். கறிவேப்பிலைக் கட்டுகளுக்கும் வாசற்கதவுக்கும் நடுவில் அடுக்கிக் கிடக்கும். "மரக்கறிக்கு வாறவை தேவைப்பட்டால் வருவினம், தொடர்கதைக்கு வாறவை கடை திறக்க முந்தி வந்து நிப்பினம்" என்பார். அவருடைய பொருளாதாரம் அவ்வளவுதான்.

அந்தத் தொடர்கதையை எங்கோ கிடைத்த பழைய சஞ்சிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சஞ்சிகைகள் முடிந்துவிட்டன, கதை முடியவில்லை. கதாநாயகி மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அந்த இடத்தில் இவர் கத்தரிக்காய்ப் பால்கறி செய்யும் முறையைப் போட்டார். அதற்கடுத்த கிழமை ஓர் அன்ரி இரண்டு கையிலும் வெண்டிக்காயை வைத்துக்கொண்டு சத்தம் போட்டார்:

"உங்களுக்கென்ன கண்ணில இரத்தம் இல்லையோ? அந்தப் பிள்ளை எத்தினை நாளைக்குத் தொங்குறது? ஆராவது பிடிச்சுத் தூக்குங்கோவன்!"

அந்த நேரம் நான் கல்லாவடியில் நின்று, புத்தகத்தில் வாசித்த இரகசியக் கூட்டத்தின் கதையை அரிசி வாங்க வந்த இருவருக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை காதைக் கொடுத்தார்.

"உதென்ன கதை?"

"உலகத்தைப் பின்னால நிண்டு ஆட்டுற கூட்டம், அண்ணை. வெள்ளையள் சப்வே ரயிலில உதைத்தான் வாசிக்குதுகள்."

"அப்ப உதையே எழுதன். வாயால இவ்வளவு அளக்கிறாய், கையால ஏலாதோ?"

"எனக்கு உலகத்தை ஆளுற ஆக்களைத் தெரியாதே."

"தொங்குற பிள்ளைக்கு எழுதினவன் மலையைக் கண்டவனோ? எழுது."

'உலகம் எங்கள் உள்ளங்கையில்' என்று தலைப்பையும் அவரே வைத்தார். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து ஒரு பறவையின் பெயரை எனக்குப் புனைபெயராகவும் வைத்தார். என் பெயரை வெளியில் விடக்கூடாது என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது கலியாணம் பேசுகிற வயது. கோப்பை கழுவுகிறான் என்றால் 'உழைக்கிற பொடியன்' என்பார்கள். கதை எழுதுகிறான் என்றால் அடுத்த வீட்டுச் சாதகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முகமூடி போட்ட பதின்மூன்று பேரை நிலத்துக்கு அடியில் ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? என் வாழ்நாளில் நிலத்துக்கு அடியில் மேசையைச் சுற்றி மனிதர்கள் கூடிய இடம் ஒன்றே ஒன்றைத்தான் கண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் வீட்டு நிலவறை, எங்கள் பேச்சில் பேஸ்மன்ற்.

உண்மையைச் சொன்னால் அது அரைச் சங்கம். முன்னர் ஒன்றாக இருந்தது. ஒரு கோடையில், பூங்காவில் நடந்த ஒன்றுகூடலின்போது, கயிறிழுத்தலுக்கு யார் நடுவர் என்று தொடங்கிய வாக்குவாதத்தில் இரண்டாக உடைந்தது. கயிறு மற்றப் பாதியிடம் போய்விட்டது, வெற்றிக் கிண்ணம் எங்களிடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் கிண்ணமில்லாமல் இழுத்தார்கள், நாங்கள் இழுக்காமல் கிண்ணம் கொடுத்தோம். நான் எந்தப் பக்கமும் கதைக்காமல் கதிரை அடுக்கி, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் செயற்குழு உறுப்பினன் ஆனேன்.

எங்கள் தலைவர் நகர மையத்தில் உயர்ந்த கட்டடமொன்றில் காவல் வேலை செய்தார். "என்னைத் தாண்டாமல் அந்தக் கட்டடத்துக்குள்ள ஒருத்தரும் போகேலாது" என்பார். அது சரி. எல்லோரும் அட்டையைக் காட்டிவிட்டு அவரைத் தாண்டித்தான் போனார்கள். நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் மட்டும் அவர் வேறு ஆள். கம்பளிச் சுவெற்றருக்கு மேலே கழுத்தில் ரை கட்டுவார். மற்றவர் ஊற்றும் தேநீரில் நம்பிக்கையில்லாமல் சொந்தமாக ஒரு பிளாஸ்க் கொண்டுவருவார். யாரும் பார்க்காத நேரத்தில் அதன் வாயை ரையின் நுனியால் துடைப்பார். நாங்கள் ஒன்பது பேர், ஒலிபெருக்கி கிடையாது. பின்வரிசை என்பது உடுப்புத் தோய்க்கும் மெஷின். ஆனாலும் தொண்டையைச் செருமி, "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

ஆகவே என் கதையில் உலகத்தின் தலைவரும் அப்படித்தான் தொடங்கினார். இருண்ட குகை. பதின்மூன்று முகமூடிகள். எங்கும் மயான அமைதி. கறுப்பு அங்கிக்கு மேலே ரை கட்டிய உருவம் ஒன்று எழுந்து கேட்கிறது: "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?"

அதற்குப் பிறகு பேனா தானாக ஓடியது. முதலில் மங்கல விளக்கு. பிறகு இறந்தவர்களுக்காக ஒரு நிமிட அக வணக்கம். வரவேற்புரை. போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்ததும் ஐந்தாம் முகமூடி எழுந்து, ஐரோப்பாவில் ஓர் அரசைக் கவிழ்க்கத் தான் வழிமொழியவில்லை, முன்மொழிந்ததாகத்தான் எழுதவேண்டும் என்கிறது. அந்த வாக்குவாதத்தில் இரண்டு அத்தியாயம் போயிற்று. சமுத்திரத்தின் நீரோட்டத்தைத் திருப்புவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள எதிலும் அவர்கள் முடிவெடுப்பதே இல்லை. எல்லாப் பெரிய முடிவுகளும் கடைசியில், 'ஏனைய விடயங்கள்' என்ற தலைப்பின்கீழ், எல்லோரும் ஜக்கெற் மாட்டிக்கொண்டு வாசலில் குவிந்து கிடக்கும் பனிச் சப்பாத்துகளில் தங்களுடையதைத் தேடும்போது எடுக்கப்படுகின்றன. ஒரு காலில் நின்றுகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அந்த யுத்தத்தைத் தொடங்கிறதோ?" என்கிறார் ஒருவர். "தொடங்குவம், தொடங்குவம், குளிர் வருது, கதவைச் சாத்துங்கோ" என்கிறார் மற்றவர். எட்டாம் முகமூடி வேறு யாருடையதோ சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட, அவர்களைத் தேடி நான் கதைக்குள் அனுப்பிய துப்பறிகிறவன் பனியில் தடம் பிடித்துப் பிடித்து நாலு கிழமையாகப் பிழையான ஆளுக்குப் பின்னால் நடந்தான்.

நான் பகிடிக்கு எழுதவில்லை. உலகம் உண்மையாகவே இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குப் பட்டது. சனத்துக்கும் பட்டிருக்க வேண்டும். கிழமைகள் போகப் போக, பஸ்ஸில் பின் இருக்கைக்காரரைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் "கேக்குதோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கடைத் தொலைபேசி ஓயவில்லை. ஒரு பழைய மாணவர் சங்கத் தலைவர் அழைத்தார். முதியோர் கழகத் தலைவர் எடுத்தார். ஒரு பங்குக் கோவிலின் பாடகர் குழுத் தலைவர் எடுத்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"என்னைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஐயா, அது உங்களைப் பற்றி இல்லை."

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ எண்டு கேக்கிறது வேற ஆர்? நான்தானே கேக்கிறனான்!"

கடைக்கார அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "டேய், உண்மையிலேயே ஒரு கூட்டம் இருக்கடா. எல்லாத்துக்கும் ஒரே தலைவன்."

எடுக்காத தலைவர் ஒருவர்தான். எங்கள் தலைவர். அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. "அந்த மற்றப் பாதிச் சங்கத்துக்காரனை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறான்" என்று செயற்குழுவில் பத்திரிகையை விரித்து வாசித்துக் காட்டினார். "கேக்குதோ கேக்குதோ எண்டு கேட்டே உவன் சங்கத்தை உடைச்சவன்." மற்றப் பாதித் தலைவர் தங்கள் நிலவறையில் இதே பக்கத்தை விரித்து இதையே சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். உறுப்பினர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் தேநீரைப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கதிரை அடுக்கும்போது தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உமக்குச் சாதகம் இருக்கோ?"

"ஊரில அம்மாவிட்டக் கிடக்கு, அங்கிள்."

"எடுப்பியும். என்ர அக்காவின்ர மகள் இஞ்ச என்னோடதான் நிக்கிறாள். உம்மைப் போல வாய் திறக்காத அடக்கமான பொடியனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

சாதகம் பொருந்திவிட்டது. இனிப் பொருந்தவேண்டியது நாங்கள்தான். அவள் கோப்பியும் டோனற்றும் விற்கும் கடையொன்றில் வேலை செய்தாள். எனவே பெண் பார்க்கும் படலம் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தது. மாமாவின் அனுமதியோடு, அவளுடைய இடைவேளை நேரத்தில் போனேன். வரிசையில் நின்று என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டாள்:

"பெரிய கோப்பியோ, சின்னக் கோப்பியோ? பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?"

சின்னது என்றேன். அவள் இரண்டு கோப்பியோடு வந்து எதிரில் இருந்தாள்.

"நீரும் உந்தக் கதை வாசிக்கிறனீரோ?" என்று நான் வழிந்தேன்.

"நான் எங்க வாசிக்கிறது? மாமா வாசிச்சுக் காட்டுறார். மாமி அடுப்படிக்குள்ள ஓடினாலும் பின்னால போய் வாசிக்கிறார்." ஒரு மிடறு குடித்தாள். "கேக்குதோ எண்டு எல்லாத் தலைவர்மாரும் கேக்கினம். அது பரவாயில்லை. ஆனால் போன கிழமைக் கதையில அந்தத் தலைவர் பிளாஸ்க்கின்ர வாயை ரையால துடைச்சவர். அதை எங்கட வீட்டில மாமிக்கும் எனக்கும்தான் தெரியும். பேஸ்மன்றில மாமாவுக்குக் கிட்ட நிண்டு தேத்தண்ணி ஊத்துறது ஆர்?"

நான் கோப்பிக்குள் குனிந்தேன்.

"எழுத்தாளர் நேரில கதைக்க மாட்டார் போல" என்றாள்.

"மாமாவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருந்தால் இப்ப இந்தக் கதிரையில நீங்கள் இருப்பியளோ?" சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "எனக்குக் கதை எழுதுறவர் பரவாயில்லை. விருப்பமெண்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் என்னை இஞ்ச கூப்பிட்டு, தன்ர பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறது அவர். அவர் வேண்டாமெண்டால் நானும் மாட்டன். அந்த பிளாஸ்க்கை என்னவாவது செய்யுங்கோ."

"அச்சில வந்திட்டுதே. எப்பிடி எடுக்கிறது?"

"எடுக்க வேண்டாம். எல்லாற்ற கையிலயும் ஒவ்வொண்டு குடுங்கோ."

இப்படி ஒரு மூளை என் வீட்டுக்கு வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்தில், பிளாஸ்க் என்பது அந்த இரகசியக் கூட்டத்தாரின் அடையாளச் சின்னம் என்று எழுதினேன். பதின்மூன்று பேரிடமும் இருக்கிறது. ஒருவரை ஒருவர் இனங்காண அதன் வாயை ரை நுனியால் துடைத்துக் காட்டுவார்கள்.

எங்கள் தலைவர் தப்பினார். ஆனால் ஊர் மாட்டிக்கொண்டது. இரவு வேலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் கையில் பிளாஸ்க் வைத்திருப்பவர்கள். பஸ் தரிப்பில் ஒரு பிளாஸ்க்காரர் இன்னொரு பிளாஸ்க்காரரைக் கண்டால் மெல்லத் தலையசைத்தார். கோயிலில் ஒருவர் வேட்டிக்குச் சால்வை போட்டு, கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏனென்று கேட்டதற்கு "இருக்கட்டும்" என்றார். தன்னைக் கூட்டத்தில் சேர்த்துவிட முடியுமா, ஊரில் தான் உபதபால் அதிபராக இருந்தவர், இரகசியம் காப்பது பழக்கம் என்று ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கடையில் வந்து கேட்டார்.

கடைக்கார அண்ணைக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "இனித் தலைவனைக் கொல்லு" என்றார். "பொங்கல் முடிய முகமூடியைக் கழட்டிக் கொல்லு. சனம் கேக்குது."

முகமூடியைக் கழற்றினால் உள்ளே யாருடைய முகம் இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். நான் இழுத்தடித்தேன். அதற்குள் தலைவர் ஒரு வேலை செய்தார். செயற்குழுவில் எழுந்து, பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேட்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, இந்தமுறை எங்கள் பொங்கல் விழாவில் அந்த எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அறிவித்தார். "மற்றச் சங்கத்துக்காரன்ர தோலை உரிச்ச பேனா" என்றார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் அந்தக் கடைப்பக்கம் புழங்குறனீர். எழுதுறது ஆரெண்டு கண்டுபிடிச்சு, ஆளை மேடைக்குக் கொண்டுவாறது உம்மட பொறுப்பு."

என்னைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என்னிடமே தரப்பட்டது. அவர் அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் "ஓம் அங்கிள்" என்றேன். போனால் கலியாணம் இல்லை; எழுதினது இந்தத் தேநீர் ஊற்றுகிறவன் என்று தெரிந்ததும் பிளாஸ்க்கும் ரையும் எங்கிருந்து வந்தன என்று அவருக்கு விளங்கிவிடும். போகாவிட்டால், ஊர் பார்க்க, மேடையில் வெறும் பொன்னாடையோடு அவர் நிற்பார். அதுவும் கலியாணத்துக்கு நல்லதல்ல. டோனற் கடையில் யோசனை கேட்டேன். "இதுக்கு எனக்கும் தெரியேல்ல" என்று அவள் முதல்தடவையாகச் சொன்னாள்.

பொங்கல் விழா ஒரு பாடசாலை மண்டபத்தில். வெளியே கொட்டிக் கிடந்த பனிக்கு நடுவில், உள்ளே மின்சார அடுப்பில் பானை பொங்கியது. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடாமல் இருக்க இருவர் துவாயால் விசிறிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் மற்றப் பாதித் தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் தானும் ஒரு பொன்னாடையோடு. அவருக்கும் அந்த எழுத்தாளரைக் கௌரவிக்கவேண்டுமாம், எங்கள் தலைவரின் தோலை உரித்ததற்காக.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார். "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?"

மண்டபம் முழுவதும் ஒரே குரலில் "கேக்குது!" என்றது. அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு எழுத்தாளரை மேடைக்கு அழைத்தார். நான் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் பெண்கள் பக்கத்தில் இருந்து என்னையே பார்த்தாள். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் முறை அழைத்தார். அவர் கையில் பொன்னாடை மெல்ல ஆடியது. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை. வருவது வரட்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தேன்.

அப்போது நடுவரிசையில் கதிரை கிறீச்சிட்டது. அந்த ஓய்வுபெற்ற உபதபால் அதிபர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டு, இருபக்கமும் கும்பிட்டபடி மேடையை நோக்கி நடந்தார். பொன்னாடை என்று ஒலிபெருக்கியில் கேட்டால் இருக்க முடியாத மனிதர்கள் எங்கள் சனத்துக்குள் உண்டு. ஏறினார். தலைவர் போர்த்தினார். மற்றப் பாதித் தலைவரும் பாய்ந்து ஏறி அதற்கு மேலே தன்னுடையதைப் போர்த்தினார். கயிறிழுத்தலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். ஐயா இரண்டு பொன்னாடைக்குள்ளும் வியர்த்தபடி, அந்தக் கதை தபாற் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருக்கையில் தனக்கு உதித்த விதத்தை நெடுநேரம் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கே அது உண்மைபோல இருந்தது. அதற்குப் பிறகு கிழமைதோறும் கடை திறக்கமுன்னே அவர்தான் முதல் ஆளாக வந்து நின்றார். தான் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துவிட்டுத்தான் அவரால் வெளியே இறங்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு, விழாவைப் பற்றிய மீளாய்வுக் கூட்டம் நிலவறையில் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைவர் பின்னேர வேலைக்குப் போகும் சீருடையில், அதற்கு மேலே ரையோடு இறங்கி வந்தார். கையில் பிளாஸ்க்.

"இரும், தம்பி. ஒரு வாய் குடிப்பம்."

அந்த பிளாஸ்க்கிலிருந்து அவர் வேறு யாருக்கும் ஊற்றி நான் கண்டதில்லை. மூடியைத் திறந்தார். ரையின் நுனியை எடுத்தார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் ஆறுதலாக, அதன் வாயைச் சுற்றித் துடைத்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அந்தப் போஸ்ற்மாஸ்ரர் நல்லாக் கதைச்சவர், என்ன?" என்றார்.

"ஓம் அங்கிள்."

"அவர் இந்த பேஸ்மன்றுக்கு வந்ததே இல்லை."

மூடியில் தேநீரை ஊற்றி என் பக்கம் தள்ளினார். அவருடைய தேநீர் உண்மையிலேயே நல்ல தேநீர்தான்.

"எழுதுற ஆளை எங்கயும் கண்டால் ஒண்டு சொல்லும். அந்தத் தலைவரைக் கொல்லப்போகினம் எண்டு கடையில கதை அடிபடுது. கொல்லவேண்டாம். அந்த மனிசன் பாவம். அவ்வளவு பெரிய உலகத்தை வைச்சுக்கொண்டு, ஒருத்தரும் நேரத்துக்கு வராமல், என்ன பாடுபடுகிறார்." ரையை நேராக்கிக்கொண்டார். "என்ர கட்டடத்தில லிஃப்ற்றுக்குப் போறவை ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்ல. நான் மேசையில இருந்து அந்தக் கதையை ஒளிச்சு வைச்சு வாசிக்கிறனான். வாசிக்கேக்க அவையளைப் பாப்பன். போங்கோ பாப்பம், இப்ப போங்கோ எண்டு நினைப்பன்."

"சொல்லுறன், அங்கிள்" என்றேன்.

எழுதுகிற ஆளுக்குச் சொல்லப்பட்டது. கடைசி அத்தியாயத்தில், தலைவரைக் கொல்வதற்காக முகமூடிகள் விசேட பொதுக்கூட்டம் கூட்டினார்கள். பனி கொட்டியதால் பாதிப்பேர் வரவில்லை. முடிவெடுக்கத் தேவையான ஆள்கணக்கு, அந்தக் கோரம், போதாது என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றைக்கும் அது ஒத்திவைக்கப்பட்டபடிதான் இருக்கிறது. கடைக்கார அண்ணை என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குத் தலைவர் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு வாசலுக்கு ஏறினார். நானும் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். கலியாணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவளும் மாமியும் மேல்மாடிப் படியில் நின்றார்கள், ஒன்றும் கேட்கத் துணியாமல். அவர் கதவைத் திறந்தார். குளிர் புகுந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு காலில் நின்று, குவியலில் இருந்து சப்பாத்தை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப ஏனைய விடயங்கள். சித்திரைக்குப் பிறகு கலியாணத்துக்கு ஹோல் எடுக்கலாம். அக்காவுக்கு நாளைக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன். ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ?" அண்ணாந்து மேலே பார்த்தார். "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?"

"கேக்குது, மாமா" என்றாள் அவள்.

"அப்ப கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது."

அவர் கார் புறப்பட்ட பிறகுதான் கவனித்தேன், என் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சிக் கிடந்த அவருடையது எனக்கு ஓர் அளவு பெரிது. அதையே போட்டுக்கொண்டு லோரன்ஸ் வீதி பஸ்ஸுக்கு நடந்தேன். புதுப்பனி. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பெரிய பெரிய தடங்கள் எனக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன. துப்பறிகிறவன் எவனாவது வந்து பார்த்தால், உலகத்தின் தலைவர் இந்த வழியாகத்தான் போயிருக்கிறார், நல்ல சந்தோசமாகத் துள்ளித் துள்ளிப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பான்.